பட்டாலியா பாராட்டின குதிரை

கிழிச்சிருக்கு, கிழிச்சிருக்குன்னு வர்றவங்க எல்லாம் இதையே சொன்னா நான் என்ன சார் பண்றது? பத்திரிகை என்னுது, வெயிட்டிங் ரூம் என்னுது, சந்தா கட்டுறதும் நான். பாலைவனத்துக்காரங்களப் பத்தின கட்டுரை பாதியில நிக்குதா? நிக்கும். மிச்சப் பக்கம் எங்க வீட்டு பேஸ்மென்ட்டுல இருக்கு. உக்காருங்க. நல்லா சாஞ்சுக்கங்க. தலைய இன்னும் கொஞ்சம் மேல... ஆங், அவ்வளவுதான். லிண்ட்குவிஸ்ட்தானே உங்க பேரு? ஒமாஹாவுலேர்ந்து மாத்தலாகி வந்திருக்கீங்க, கார்டுல பாத்தேன். செயின்ட் பாலுக்குப் பிப்ரவரிக் குளிர்லயா சார் அனுப்புவாங்க? உங்க மேலதிகாரிக்கு உங்க மேல என்ன கோவமோ. சரி, வாயத் தொறங்க.

ம்ம்ம். இதா? இடது பக்கம், கீழ்க் கடவாப்பல்லு. சொத்ததான். பெருசா ஒண்ணுமில்ல, சுத்தம் பண்ணி அடைச்சிரலாம். ஒரு ஊசி போடறேன். சுருக்னு இருக்கும்... ஆச்சு. ஆச்சு சார், கைய விடுங்க, அது என் சட்ட. மரத்துப்போகக் கொஞ்ச நேரமாகும். இந்தப் பஞ்சு அப்படியே இருக்கட்டும். நீங்க பேசக்கூடாது. நான் பேசறேன், பரவால்ல.

அது என்ன சத்தம்னு பாக்கறீங்களா? மார்லிஸ். என் அசிஸ்டென்ட். இப்பல்லாம் ட்ரேய அப்படித்தான் வெப்பா. கேட்டீங்களா, இப்ப என்ன சொன்னான்னு? "சின்ன ட்ரில் ரெடின்னு டாக்டர்கிட்ட சொல்லிருங்க"ன்னா. யார்கிட்ட சொல்றா? உங்ககிட்ட! நான் இங்கதான நிக்கறேன்? அவ முழங்கை என் முழங்கைல இடிக்குது, அந்தத் தூரத்துல நிக்கறேன்! ஆனா எங்கிட்ட நேரா பேச மாட்டா. மூணாவது ஆள் ஒருத்தர் நடுவுல இருக்கணும். காலைல ஒரு பாட்டி பல்செட்டோட வந்திருந்தாங்க, பாவம், காது கேக்காது. அவங்க வழியா எனக்கு நாலு சேதி. "டாக்டரோட காப்பி ஆறுதுன்னு சொல்லுங்க"ன்னு இவ கத்தறா, அந்தம்மா "யாரு செத்தா?"ன்னு கேக்கறாங்க.

ஏன்னா என்னைத் தள்ளி வெச்சிருக்காங்க சார். ஊர விட்டே தள்ளி வெச்சிருக்காங்க! எந்த ஊருன்னு கேக்காதீங்க, சொன்னா சிரிப்பீங்க. சிரிச்சா பஞ்சு விழுந்துரும்.

ஒரு வெளையாட்டு சார். ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சு, சாப்ட்டு, எங்க பேஸ்மென்ட்டுல உக்காருவோம். சீட்டு கெடயாது, பலகை கெடயாது. ஒருத்தர் ரெஃப்ரீ. அவர் ஒரு உலகத்த சொல்லுவார். இங்க மல, அங்க ஆறு, கதவுக்குப் பின்னால என்னமோ மூச்சு விடுதுன்னு. மத்தவங்க ஆளுக்கொரு வேஷம். நீ என்ன பண்றேன்னு கேப்பார், நாம சொல்லணும். சந்தேகம் வந்தா பகடைய உருட்டணும். எங்க ரெஃப்ரீ ராஸ்கோ ப்ரூயிட். இன்சூரன்ஸ் கம்பெனில, வீடு எரிஞ்சவங்க சொல்றது நெசமா பொய்யான்னு பாக்கற வேல. கொரலே ஒசத்த மாட்டாரு. அதான் அவர்கிட்ட பயம்.

அப்புறம் இந்த மார்லிஸ். அப்புறம் பட்டாலியா. ஆல்டோ பட்டாலியா, தரைவிரிப்புக் கடை வெச்சிருக்கான், உங்க புது வீட்டுக்குத் தரைவிரிப்பு வேணும்னா... வேணாம், இப்ப அவன் பேர நான் சொல்லக்கூடாது. சொன்னா மொகம் செவக்குது பாருங்க எனக்கு.

மரத்துப்போச்சா? இன்னும் இல்லயா? சரி, இருக்கட்டும்.

ஆரம்பத்துல எப்படி வெளையாடினோம் தெரியுமா? வெக்கமா இருக்கு. ஒரு ஊர் வரும். ஊர்ல பச்ச மொளகாக் கலர்ல மூஞ்சி உள்ளவங்க யாராவது இருந்தா வெட்டு, பெட்டியத் தூக்கு, கெளம்பு. அவங்க யாரு, எதுக்கு அங்க இருக்காங்க, பொண்ணு குடுத்து எடுக்கறது எந்த ஊர்ல... ஒண்ணும் கேக்கறதில்ல. மலைக்காரன், கடல்காரன், காட்டுக்காரன்னு பேருதான் வேற. உள்ள இருக்கறவன் எல்லாம் செயின்ட் பால்காரன். ஆட்டுத் தோல் போத்திக்கிட்டு, "ஹலோ, எப்படி இருக்கீங்க, பனி ஜாஸ்தி இல்ல?"ன்னு பேசற வீரன்!

நான்தான் சார் அத மாத்தினேன். யாரும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா நான்தான். நாங்க வெளையாடற அந்த உலகத்துக்கு ஒரு சின்னப் புஸ்தகம் வந்துது, கலிஃபோர்னியாவுல ஒருத்தர் உண்டாக்கினது. கைக்கடக்கமா, ஸ்டேப்பிள் போட்டு. என் வேஷம் மலைக்காரங்க தலைவன், ஹெட்ராக்னு பேரு. மலைக்காரங்களப் பத்தி அதுல என்ன இருக்குன்னு ஆசையா பாத்தா ஒரே ஒரு வரி. "மலைக்காரர்கள் விருந்தாளியை மதிப்பார்கள், பொய் சொல்ல மாட்டார்கள்." முடிஞ்சுது! ஒரு ஜனத்துக்கே அவ்வளவுதான்! ஆத்தங்கரைக்காரங்களுக்கு ரெண்டு பக்கம் படத்தோட.

அந்த ஒரு வரிய வெச்சுக்கிட்டு நாங்க அடிச்சுக்கிட்டது இருக்கே... நான் சொன்னேன், மலைக்காரன்னா எங்க பெரியப்பா மாதிரி. நார்வேலேர்ந்து வந்த குடும்பம் சார் நாங்க. விருந்தாளி வந்தா காப்பி வேணுமான்னு கேக்கணும். அவன் வேணாம்னு சொல்லணும். மறுபடி கேக்கணும். வேணாம்னு சொல்லணும். மூணாவது வாட்டி கேட்டா, "சிரமம் இல்லேன்னா அரைக் கப்பு"ன்னு சொல்லணும். அதுதான மரியாதை? உலகத்துல வேற மரியாதை இருக்கா? பட்டாலியா சொல்றான், "அட போய்யா, எங்க மாமா வீட்ல வேணாம்னு சொன்னா கரண்டியாலயே அடிப்பாங்க. விருந்தாளின்னா வந்ததும் சாப்பிடணும், சத்தமா சாப்பிடணும், இன்னும் கொண்டான்னு சொல்லணும். அதுதான் மலைக்காரன்"னு.

அவன் வேஷம் சமவெளி வியாபாரி. மொத மொத என் கூடாரத்துக்கு வர்றான். நான் ஹெட்ராக், கம்பீரமா, "ரொட்டி சாப்பிடறீங்களா?"ன்னு கேட்டேன். "ஆகா!"ன்னான் சார். முழு ரொட்டியும் எடுத்துக்கிட்டான். இன்னும் ரெண்டு வாட்டி கேக்க வேண்டியது எங்கிட்ட பாக்கி இருக்கு! கேக்கறதுக்கு ரொட்டி இல்ல! வெளில நெசமாவும் அப்படித்தான், எங்க வீட்டுக்காரி செஞ்ச உருளைக்கெழங்கு ரொட்டிய ராஸ்கோ மரியாதையா வேணாம் வேணாம்னு உக்காந்திருக்காரு, இவன் தட்டையே காலி பண்ணிட்டான். ராஸ்கோ பாவம், பசியோட போனாரு.

அப்பதான் சார் நான் இந்தப் பத்திரிகைங்கள எடுத்தேன். இந்தப் பழக்கம் எல்லாம் உலகத்துல வேற எங்கயாவது எப்படி இருக்குன்னு பாப்போம்னு. பேஷண்ட் இல்லாத நேரத்துல படிப்பேன். பாலைவனத்துல ஒரு ஜனம், விருந்தாளி எந்தப் பொருளப் பாராட்டினாலும் அத அவனுக்கே குடுத்துருவாங்களாம். என்ன கம்பீரம்! கிழிச்சேன். தீவுல ஒரு ஜனம், தப்பு பண்ணவன்கிட்ட யாரும் நேரா பேச மாட்டாங்க, மூணாவது ஆள் வழியாத்தான். கிழிச்சேன். பனிநாட்டுல ஒரு ஜனம், துரோகம் பண்ணவன் போய், தான் யாருக்குத் தப்பு பண்ணானோ அந்த வீட்டு வாசல்ல நிக்கணும். எதுக்காகத் துரோகம் பண்ணானோ அந்தப் பொருள கையில வெச்சுக்கிட்டு. கதவத் தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது, வீட்டுக்காரனா தொறக்கற வரைக்கும் நிக்கணும். ஆகான்னு அதையும் கிழிச்சேன். எல்லாத்தையும் சேத்து ஒட்டி மலைக்காரங்களுக்கு ஒரு சட்டம் போட்டேன். ராஸ்கோ ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "லெலண்ட், பனிமலையில பேரிச்சம்பழம் எங்கேர்ந்து வருது?"ன்னு. பாலைவனப் பக்கத்துல இருந்த பேரிச்சம்பழத்த எடுக்க மறந்துட்டேன். வியாபாரிங்க கொண்டு வர்றாங்கன்னு சமாளிச்சேன்.

மார்லிஸ், அந்தச் சின்னக் கண்ணாடி... இதோ பாருங்க, உங்க கையில குடுக்கறா! உங்க கையில! குடுங்க சார் இப்படி. நன்றி. நீங்க நல்ல ஆளு.

நெசமா சொல்றேன், அதுக்கப்புறம் அந்த வெளையாட்டே வேற மாதிரி ஆயிருச்சு. வெட்டுக்குத்து போச்சு. ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க ஒரு கல்யாணம் பேசினோம். மார்லிஸ்தான் கோயில் அம்மா, எங்க கூட்டத்துக்கே பூசாரி. ஒரு கொழந்தைக்குப் பேரு வெக்கறதுக்கு அவ பாடினா பாருங்க, சர்ச்சுல கூட அப்படிப் பாட மாட்டா. பட்டாலியா அழுதுட்டான். தரைவிரிப்பு விக்கறவன், பாத்துக்கங்க. யாராவது பழைய மாதிரி கத்தியத் தூக்கினா நான் விடவே மாட்டேன். "யோசிங்க! நீங்க செயின்ட் பால்ல இல்ல! ஒரு மலைக்காரன் இத செய்வானா?"ன்னு மேஜையத் தட்டுவேன். போன வருஷம் ஜூலைல பட்டாலியா எடையில என்னமோ தில்லுமுல்லு பண்ணிட்டான், வெளையாட்டுலதான். "போ, வாசல்ல நில்லு"ன்னேன். நெசமாவே எங்க பின்வாசல்ல போய் நின்னான் சார்! கொசு கடிக்கக் கடிக்க! பாட்டு வேற பாடிக்கிட்டு. நான் நிதானமா எலுமிச்சை சர்பத் குடிச்சிட்டுப் போய்த் தொறந்தேன். கட்டிப்பிடிச்சுக்கிட்டான்.

மரத்துப்போச்சா இப்ப? தலையாட்டுங்க. ஆங். சரி, ஆரம்பிச்சிரலாம்... ஆனா இத மட்டும் சொல்லிடறேன், இல்லேன்னா உங்களுக்குப் புரியாது.

குதிர. எங்கிட்ட ஒரு குதிர இருந்துது. ஹெட்ராக்கிட்ட. வெள்ளப் பொட்டக் குதிர. வெளையாட ஆரம்பிச்ச மொத மாசத்துலேர்ந்து இருக்கு. எத்தன ஆத்துல நீந்தி வந்திருக்கு, எத்தன பனிச்சரிவுல என்னை இழுத்துட்டு வந்திருக்கு. சின்ன ஈய பொம்ம ஒண்ணு வாங்கி, நானே பெயின்ட் அடிச்சேன், பல் அடைக்கற பிரஷ்ஷாலயே. கண்ணிம கூட வரைஞ்சேன் சார். அதுக்கு நான் வெச்ச பேரு... இங்க பாருங்க, இது நமக்குள்ள. இனெஸ். எங்க வீட்டுக்காரி பேரு. ஆசையாத்தான் வெச்சேன். அவளுக்குத் தெரியாது. தெரியாம இருந்துது.

அன்னிக்கு, ரெண்டு ஞாயித்துக்கெழமைக்கு முன்னால, கதைலயும் பனி, வெளிலயும் பனி. பட்டாலியா, அதாவது அந்த வியாபாரி, புயல்ல மாட்டிக்கிட்டு என் கூடாரத்துக்கு வந்தான். நான் ரொட்டி குடுத்தேன். அவன் ரெண்டு வாட்டி வேணாம்னான் சார்! எனக்காக! எங்க பெரியப்பா மாதிரியே, கண்ணக் கீழ போட்டுக்கிட்டு! அப்புறம் சாப்ட்டான். அப்புறம் வெளில பாத்தான். "ஹெட்ராக், உன் குதிர ரொம்ப அழகு"ன்னான்.

சும்மா சொன்னானா, தெரிஞ்சே சொன்னானா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. பொருள் விக்கறவன் வாயி, எதப் பாத்தாலும் பாராட்டும். எங்க வீட்டுப் பாத்ரூம் ஓட்டையே பாராட்டுவான். ஆனா சட்டம் சட்டம்தான? பாராட்டியாச்சு. மேஜையே என்னைப் பாக்குது. ராஸ்கோ பென்சில கீழ வெச்சிட்டாரு. பட்டாலியா மெதுவா சொல்றான், "எனக்கு இனெஸ் வேணும், லெலண்ட்."

படியில காப்பித் தட்டோட யாரு வந்து நிக்கறா? நீங்களே சொல்லுங்க!

எனக்கு அது தெரியாது சார், முதுகு அந்தப் பக்கம்! நான் எப்படியாவது குதிரையக் காப்பாத்தணும்னு, "இனெஸா? அய்யய்யோ, வேணாம்ப்பா! இனெஸ் நொண்டி! வயசாயிருச்சு! ஒரு வேலைக்கும் லாயக்கில்ல, தீனி மட்டும் திங்கும்! வாயத் தொறந்து பாரு, பாதிப் பல்லு கெடயாது, மிச்சத்த நான்தான் அடைச்சு வெச்சிருக்கேன்!"ன்னு கத்தினேன்.

காப்பித் தட்டு படியிலயே எறங்குச்சு. தட்டு மட்டும். அவ மேல போயிட்டா.

சிரிக்கறீங்களா அழுவறீங்களா? கண்ணு கலங்குதே. பஞ்ச மாத்தறேன் இருங்க.

ராஸ்கோ அப்ப கேட்டாரு. ஒரே கேள்வி, அதே இன்சூரன்ஸ் கொரல்ல. "லெலண்ட், ஒரு மலைக்காரன் இத சொல்வானா?"ன்னு. என் வார்த்தைய எனக்கே! மார்லிஸ் எழுந்து நின்னா. கோயில் அம்மா கொரல்ல, "ஹெட்ராக் விருந்தாளிக்குப் பொய் சொன்னான். இனி இவனோட நேர்ப்பேச்சு இல்ல"ன்னா. தீவுக்காரங்க பக்கத்துலேர்ந்து அப்படியே! நான் கிழிச்சுக் குடுத்ததுதான்!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என் வீடு, என் பேஸ்மென்ட், என் மேஜ! நான் போட்ட சட்டத்த எனக்கே படிச்சுக் காட்டறாங்க! "எல்லாரும் வெளில போங்க!"ன்னேன். பகடையெல்லாம் தரையில. நெசமாத்தான் சொல்றேன்னு மேல போய்க் கதவத் தொறந்து வெச்சேன். சைபருக்கு எவ்வளவோ கீழ சார் அன்னிக்கு. மார்லிஸ் போனா. ராஸ்கோ போனாரு. பட்டாலியா கார் கெளம்பல. இஞ்சின் உறைஞ்சு போச்சு. ஜன்னல் வழியா பாத்தேன், நாலஞ்சு வாட்டி சாவியத் திருப்பினான். அப்புறம் எறங்கி பஸ் ஸ்டாப்பப் பாத்து நடந்தான். தொப்பி எங்க பேஸ்மென்ட்டுல நாற்காலி மேல கெடக்கு. தொப்பியில்லாம நடக்கறான்.

கூப்பிட்டிருக்கணுமா? கூப்பிட்டிருக்கணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நான் ஜன்னல்கிட்டதான் நின்னேன். கை கதவுமேலதான் இருந்துது. அவனா திரும்பி வந்து தட்டினா தொறக்கலாம்னு நின்னேன்.

ஒரு காது நுனி உறைஞ்சு போச்சாம் அவனுக்கு. வெள்ளையா ஆயிருச்சாம். இப்பத் தேவலயாம், தோலு உரியுதாம். எங்க வீட்டுக்காரி தெனமும் அவனுக்கு சூப் கொண்டு போய்க் குடுக்கறா. எனக்கு? ஃப்ரிட்ஜத் தொறந்து என்ன கெடைக்குதோ அது. "பல்லில்லாத குதிரைக்கு சமையல் தெரியாது"ன்னுட்டா. அவ நேராத்தான் பேசறா, அதுல கொறையில்ல.

இருங்க, ட்ரில் வெக்கறேன்... ஏன் துள்ளறீங்க? இன்னும் வெக்கவே இல்லயே. சரி சரி, ஒரு நிமிஷம்.

நான் சும்மா விடல சார். கலிஃபோர்னியாவுக்கு ட்ரங்க் கால் போட்டேன். அந்த உலகத்தையே உண்டாக்கினவருக்கு! அவரே சொல்லட்டும், மலைக்காரன் குதிரையக் குடுக்கணுமா வேணாமான்னு. அவர் ஒரு வார்த்த வேணாம்னு சொன்னா நான் எல்லார் மூஞ்சிலயும் கரி பூசலாம். எடுத்தாரு. சின்னப் பையன் கொரலு சார்! என்னமோ மொறுமொறுன்னு தின்னுக்கிட்டே பேசறாரு. நான் முழுக் கதையும் சொன்னேன். "மலைக்காரங்களா? எந்த மல?"ன்னாரு. பக்கத்தச் சொன்னேன். கொஞ்ச நேரம் தாள் பொரட்டற சத்தம். "ஓ, இதுவா! அந்தப் பக்கத்துல அடில கொஞ்சம் எடம் மிச்சம் இருந்துது. காலியா விட்டா நல்லால்லேன்னு ஒரு வரி எழுதினேன்"ன்னாரு.

எடம் மிச்சமாம்! எடத்த ரொப்பறதுக்கு எழுதின வரி! அத வெச்சு நாங்க ஒரு ஜனத்தையே கட்டியிருக்கோம், கல்யாணம் பண்ணியிருக்கோம், கொழந்தைக்குப் பேரு வெச்சிருக்கோம், ஒருத்தன் காது போச்சு!

இன்னும் கேளுங்க. "ஆனா மலைக்காரங்களுக்குக் குதிரையே கெடயாதே. அவங்க ஆடு மேலல்ல போவாங்க?"ன்னாரு. அடக்கடவுளே! குதிரையே இல்லேன்னா பாராட்டினது செல்லாது! பாராட்டு செல்லாதுன்னா பொய்யும் செல்லாது! "நன்றி சார், நன்றி"ன்னு நான் வெக்கப் போறேன், அவர் விட மாட்டேங்கறாரு. "இருங்க இருங்க, அப்புறம் என்னாச்சு? குடுத்தீங்களா, இல்லயா?"ன்னு. கதை கேக்கற மாதிரி. நான் வெச்சுட்டேன்.

நேரா ராஸ்கோ ஆஃபீஸுக்குப் போனேன். மூச்சு வாங்க வாங்க, "குதிரையே கெடயாதாம்! உண்டாக்கினவரே சொல்லிட்டாரு! ஆடாம்!"ன்னேன். ராஸ்கோ கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "அது அவரோட மல, லெலண்ட். நம்ம மலையில குதிர இருக்கு"ன்னாரு. "கண்ணிம கூட இருக்கு"ன்னாரு.



அவ்வளவுதான். எந்திரிச்சு வந்துட்டேன். வந்து இந்த ரூம்ல, இதோ இந்த ஜன்னல்கிட்டதான் நின்னுக்கிட்டிருந்தேன். இந்த ஜன்னல்லேர்ந்து பாத்தா அவன் கடை போர்டு தெரியும். பட்டாலியா தரைவிரிப்புகள். "லி" எழுத்துல லைட் போயிருச்சு, பாத்தீங்களா, எத்தன வாட்டி சொல்லியிருக்கேன் அவன்கிட்ட.

ஒண்ணு உங்ககிட்ட சொல்லல. மார்லிஸ்கிட்டயும் சொல்லல, அவதான் பேசறதில்லயே. அன்னிக்கு நான் கதவத் தொறந்து வெச்சிட்டு நிக்கறேன், வெளில போங்கன்னு. மார்லிஸ் என்னைப் பாக்காம போனா. ராஸ்கோ தலையாட்டிட்டுப் போனாரு. பட்டாலியா கடைசி. வாசப்படியில நின்னான். மலைக்காரங்க விருந்தாளி கெளம்பறப்ப சொல்ற வார்த்த ஒண்ணு இருக்கு. நாங்களா உண்டாக்கினதுதான். "இந்தக் கூரைக்குக் கேடு வராம இருக்கட்டும், இந்த அடுப்பு அணையாம இருக்கட்டும்"னு, நெஞ்சுல கை வெச்சு சொல்லணும். சொன்னான் சார். நான் அவனத் தொரத்தறேன், அவன் நெஞ்சுல கை வெச்சு, மொகத்துல சிரிப்பே இல்லாம, முழுசா சொன்னான். சொல்லிட்டுத்தான் பனியில எறங்கினான்.

மூணு வருஷமா மேஜையத் தட்டித் தட்டி நான் சொல்லிக் குடுக்கறேன், மலைக்காரன் மாதிரி யோசி, மலைக்காரன் மாதிரி யோசின்னு. கடைசில அந்த வீட்ல இருந்த ஒரே மலைக்காரன் அவன்தான். நான் பாருங்க, கதவப் பிடிச்சுக்கிட்டு, சூடு வீணாப் போகுதேன்னு நிக்கறேன். கேஸ் பில்லு ஞாபகம் வருது எனக்கு! பல் டாக்டர் சார் நான். மேல எத்தன தோல் போத்தினாலும் உள்ள பல் டாக்டர்.

இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? நான் போட்ட சட்டப்படி குதிரையோட போய் நிக்கணுமாம். அவன் வாசல்ல. இந்தக் குளிர்ல. தட்டக்கூடாதாம்! கடை வேற, ஜனங்க போக வர இருக்கும். பாதிப் பேர் என் பேஷண்ட்! "என்ன டாக்டர், இங்க நிக்கறீங்க?"ன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? விருந்தாளிக்குப் பொய் சொல்லிட்டேன்னு சொல்றதா? ஜூலைல அவன் நின்னான்னா அது ஜூலை! கொசுதான! அப்புறம் அவன் தொறக்கலேன்னா? நான் சர்பத் குடிச்சு முடிக்கற வரைக்கும் அவன நிக்க வெச்சேன் இல்ல, அவன் மெதுவா ஒரு முழு ஸ்பகெட்டி சாப்ட்டு முடிச்சா? நான் செத்துருவேன் சார்! என் காதும் போயிரும்!

அது ஒண்ணும் இல்ல, நான் பயப்படல. தொறக்காமலே இருந்துட்டான்னா... அதத்தான் சொல்றேன்.

சரி, போதும். உங்க பல்லப் பாப்போம். ரொம்ப நேரம் ஆயிருச்சு, மருந்தோட வேகம் எறங்கியிருக்கும், மறுபடி ஒரு ஊசி போட்டுரலாம், ரெண்டாவது ஊசி வலிக்கவே... சார்?

சார்?

மிஸ்டர் லிண்ட்குவிஸ்ட்? என்னது இது... மார்லிஸ்! ஆள் எங்க? நாம கட்டிவிட்ட கழுத்துத் துண்டு கொக்கியில தொங்குது! கோட்டக் காணோம்! நான் ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தப்பவா போனாரு? பஞ்சோடயேவா போனாரு? வாயில பஞ்சோட ஒமாஹாவுக்கே போயிருவாரு போல! நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த? சொல்லேன்! இப்ப ரூம்ல யாருமே இல்ல, யார் வழியா சொல்லுவ?

...யார்கிட்ட பேசற நீ? நாற்காலிகிட்டயா?

காலி நாற்காலிகிட்ட சொல்றியா! "டாக்டரோட அடுத்த ரெண்டு பேஷண்ட்டையும் நாளைக்கு மாத்தியாச்சுன்னு சொல்லிரு"ன்னா என்ன அர்த்தம்? யாரக் கேட்டு மாத்தின? என்ன? "கார் இஞ்சின் இருபது நிமிஷமா ஓடிக்கிட்டிருக்கு, சூடா இருக்கு"ன்னா? எந்தக் கார்? உன் காரா? அப்ப இவ்வளவு நேரம் நான் பேசினதெல்லாம்...

இரு, இரு. இன்னும் என்னமோ சொல்ற. "பட்டாலியா இன்னிக்குக் கடைக்கு வரல, வீட்லதான் இருக்கான், வாசல்ல காத்து அடிக்காது"ன்னா. அது உனக்கு எப்படித் தெரியும்? இனெஸ் சொன்னாளா? எந்த இனெ... ஆமா, ஆமா, எங்க வீட்டு இனெஸ்தான். வேற எவ.

ரெண்டு கம்பளி உறை எடுத்து வெச்சிருக்கியா. கைக்கு. சரி.

ஏ நாற்காலி, இங்க பாரு. அந்தம்மாகிட்ட சொல்லு, நான் கோட்டு மாட்டிக்கிட்டிருக்கேன்னு, குதிரையும் பையிலதான் இருக்குன்னு. அந்தம்மா முன்னால போகட்டும், வண்டி ஓட்டட்டும், வழியெல்லாம் பேசாம வரட்டும். எறங்கறப்ப மட்டும் ஒரு ஓரமா நின்னு பாக்கச் சொல்லு. அவன் தொறக்கறானான்னு.